முன்னுக்கு எந்தப் பக்கம்

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலை, தேத்தண்ணீர் குடித்த கையோடு கராஜுக்குப் போன என் வீட்டுக்காரர், எங்கள் மைனர் காரின் நான்கு பிளக் வயர்களையும் ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டார். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்க என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நான் கோப்பை கழுவிவிட்டு வருவதற்குள் பழைய வயர்கள் நான்கும் தரையில் கிடந்தன. இதெல்லாம் ஒரு வேலையா என்ற முகத்தோடு அவர் நின்றார்.

"இப்ப எது எங்க போறதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"புத்தகத்தில கிடக்கு. ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. இந்த வரிசையில மாட்டினாச் சரி. நீர் ஏன் சும்மா பதறுறீர்?"

நான் பதறவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அவர் அதைப் பதற்றம் என்பார். அவருக்குப் பதற்றம் வந்தால் நான் அதைக் கோழைத்தனம் என்பேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். நான் மலைநாட்டுக்காரி, கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அவர் முருகன் கோயிலுக்குப் போவார், நான் மாதா கோயிலுக்குப் போவேன். திரும்பி வந்து இருவரும் பிலிமத்தலாவையில் ஒரே சமையலறையில் சண்டை பிடிப்போம். இப்படியே காலம் நல்லபடியாகத்தான் ஓடுகிறது.

கார் என் அப்பாவுடையது. பழைய வெள்ளைக்காரக் கார், முட்டை வடிவம், சாம்பல் நிறம். மைனர் என்றால் நம் ஊரில் தலைக்கு எண்ணெய் பூசி, சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவன். எங்கள் மைனர் ஒரு வருஷமாகச் சுற்றக்கூட இல்லை, கராஜில் தின்றுகொழுத்தவன் போல நின்றது. அம்மா போன பிறகு அப்பாவை எங்களோடு கூட்டி வந்தபோது, அதையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அன்று கராஜ் கதவைச் சாத்தியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஒரு வருஷ நினைவுப் பூசை. அம்மாவின் ஊர் கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே. அங்கே ஒரு சின்னக் கோயில், அதன் பின்னாலேயே அம்மாவைப் புதைத்த சவக்காலை. போய்வர ஒரு வேன் பிடித்துவிடலாம் என்று நான் பேச்சை எடுத்த அன்றே அப்பா சொல்லிவிட்டார்.

"வர்றதுன்னா நம்ம வண்டியில வர்றேன். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"அது ஓடாதேப்பா."

"அன்னைக்கும் ஓடலதான்" என்றார்.

அன்றைக்கு என்றால், அம்மாவுக்கு மூச்சு முட்டிய அந்த மழைக்காலை. அப்பா அம்மாவை மைனரில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, பற்றரி செத்துப்போகும்வரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறார். இஞ்சின் பற்றவேயில்லை. கடைசியில் பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு த்ரீவீலரைப் பிடித்துத்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அம்மா போய்விட்டா. பிந்திப்போன அந்த அரை மணித்தியாலத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். எங்கள் காதில் அது ஏறியது, அப்பாவின் காதில் ஏறவில்லை.

அதுவரை அப்பாவுக்கு அந்தக் கார்தான் பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் ஒரே பாட்டு. "நாப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். இவ பக்கத்துல ஒக்காந்து செபமாலை உருட்டிக்கிட்டே வருவா. என் ஓட்டத்துக்கு ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்ல." அம்மா அப்போது அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லாமல் சிரிப்பா. இப்போது அப்பாவுக்குக் கண் மங்கி லைசன்ஸும் போய்விட்டது. அந்தப் பாட்டும் நின்றுவிட்டது. கராஜ் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர், பூசைக்கு அதில்தான் வருவேன் என்கிறார். மைனர் ஓடாவிட்டால் அம்மாவின் பூசைக்கு அப்பா இருக்கமாட்டார். சரி, ஓடவைத்துவிடுவோம் என்று இறங்கினோம்.

வேலையைத் தொடங்கியது போயாவுக்கு முதல் நாள் பின்னேரம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். இஞ்சினுக்குள் நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்புப் பொறி பங்கு வைக்கிற பெட்டி அது. உள்ளே ரோட்டர் என்று ஒரு கை சுழலும். மூடியின் நாலு மூலையிலும் நாலு வயர் நிற்கும். கை எந்த வயரைத் தாண்டுகிறதோ அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைப்போல ஒருவரையும் விடாமல், வரிசை தப்பாமல் கொடுக்கவேண்டும். ஒரு வருஷ ஈரத்தில், பொறியைக் கிளப்பிவிடுகிற பொயின்ட் முனை பூஞ்சணம் பிடித்து வெளுத்துக் கிடந்தது. மணல் கடதாசியால் தேய்த்து, இடைவெளியை அளந்து வைத்தேன். வயர்களை எலி கொறித்திருந்தது. பிறகு மூடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன்.

உள்பக்கத்தில், ஒரு வயரின் காலுக்கும் அடுத்ததன் காலுக்கும் நடுவே, தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. வெடிப்பு. வெயில் நாளில் அது ஒன்றும் செய்யாது. ஈரம் இறங்கினால் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியே ஓடிவிடும். மழைக்காலையில் இஞ்சின் பற்றாததற்கு வேறு காரணமே தேடவேண்டியதில்லை.

வயர்களை அதே வரிசையில் ஒரு மட்டையில் குத்திவைத்துவிட்டு, மூடியை மட்டும் அப்பாவிடம் கொண்டுபோனேன். விறாந்தைக் கதிரையில் இருந்தார். கண்ணுக்குக் கிட்டே பிடித்து, பெருவிரல் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா" என்றார்.

"ஆமாப்பா. யாரு பார்த்தாலும் தெரிஞ்சிருக்காது."

மூடியைத் திருப்பித் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

பிலிமத்தலாவைச் சந்தியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா புதையல் தோண்டுவதுபோல் தோண்டி ஒரு மூடி எடுத்துத் தந்தார். வயர், பிளக், கண்டன்சர் எல்லாம் வாங்கினோம். என் வீட்டுக்காரர் போதாக்குறைக்கு, காலடியில் போட இரண்டு புது ரப்பர் மேட்டும் வாங்கினார். இஞ்சின் பற்றுகிறதோ இல்லையோ, மேட் பளபளக்கவேண்டும் அவருக்கு.

ஆக, போயா காலை. வயர்களை அவர் பாணியில் மாட்டி முடித்தார். பொறி வருகிறதா என்று பார்த்தோம், நீலமாக அழகாய் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தேன். மைனர் இருமியது, செருமியது, தும்மியது. பிறகு பின்னால் ஒரு வெடி வெடித்தது பாருங்கள், கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் போய்விட்டன. பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தையா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வெடித மிஸ்?" என்று, பட்டாசு கொளுத்துகிறோமா என்று, கேட்டார். இல்லை ஐயா, எங்கள் வீட்டுக்காரரின் கெட்டித்தனம் என்று சிங்களத்தில் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே வெடி. பெற்றோல் சரி, பொறி சரி, பிளக் புதிது. அரை நாள் போய்விட்டது. புத்தகத்தைப் பார்த்தால் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. மூடியைப் பார்த்தாலும் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. பிழையே இல்லை. கணக்குச் சரியாக இருந்து விடை பிழைத்தால் கேள்வியை மறுபடி வாசி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். கேள்வியை மறுபடி வாசித்தேன்.

"இந்த வரிசைய எந்தப் பக்கமாச் சுத்திப் போட்டீங்க?"

"வலமாத்தான்."

"ஏன் வலமா?"

வானம் என்ன நிறம் என்று கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். "இதென்ன விசர்க் கேள்வி? எந்தக் கோயில்ல இடமாச் சுத்துறது?"

அவருக்கு அது பகிடி இல்லை. பிறந்ததிலிருந்து வலமாகவே சுற்றி வந்த மனிதர். கோயில் வீதியில் வலம், கல்யாண மணவறையில் வலம், கற்பூரத் தட்டும் வலமாகத்தான் போகும். இடமாகச் சுற்றுகிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்? சொல்லப்போனால் எனக்கும் அது கண்ணை உறுத்தவில்லை, மணிக்கூடும் வலமாகத்தானே போகிறது.

மூடியைத் திறந்துவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டு இஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். அவர் சுற்றினார். நான் குனிந்து பார்த்தேன். ரோட்டர் எந்தக் கூச்சமும் இல்லாமல் இடப்பக்கமாகப் போனது.

"வந்து பாருங்க. இந்தச் சாமி இடமாத்தான் சுத்துது."

வந்து பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். "வெள்ளைக்காரன்ட சாமி" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை, வரிசையைத் தலைகீழாய்ப் போட்டாலும் நான்கில் இரண்டு சிலிண்டர் தன்பாட்டுக்குச் சரியாகவே வந்துவிடும். மற்ற இரண்டுதான் ஒன்றின் பங்கு மற்றதற்குப் போய் வெடித்துக்கொண்டிருக்கும். பாதி சரி, பாதி வெடி. எங்கள் கல்யாணமும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றினோம். ஸ்டார்ட்டரை இழுத்ததும் மைனர் பற்றிக்கொண்டது. புகையும் தூசியும் கராஜை நிறைத்தன. அவர் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார், கை முழுக்கக் கிரீஸ், தள்ளிவிட்டேன். அப்பாவின் அறை ஜன்னல் சீலை கொஞ்சம் விலகியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு ஏற்றம். பாதி ஏற்றத்திலேயே மைனருக்கு மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சோம்பேறி மாடு போல நகர்ந்தது. உச்சிக்கு வந்தபோது ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துக் குமுறியது. இந்த நிலையில் கணவாய் இறங்கலாம், பூசை காணலாம். திரும்பி ஏற முடியாது. அப்பாவைப் பாதிக் கணவாயில், கொதிக்கிற காருக்குப் பக்கத்தில், லொறிப் புகையில் நிறுத்திவைப்பதா? இரண்டாவது தடவையும் இந்தக் கார் அவரை நட்டாற்றில் விட்டதென்றால் அவர் தாங்கமாட்டார். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து யோசித்தேன். பொறி பிந்தி விழுகிறது. சிலிண்டருக்குள் பெற்றோல் தயாராக நிற்கும்போது நெருப்பு வரவில்லை. நேரம் தப்பி வருகிறது. அதனால் சூடு மட்டும் ஏறுகிறது, இழுவை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழுத்தில் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினால் டைமிங் முன்னுக்கு வரும். நான் உள்ளே உட்கார்ந்து இஞ்சினை ஓடவிட்டேன். அவர் பொனெட்டுக்குள் தலையை விட்டார்.

"முன்னுக்குத் திருப்புங்க" என்றேன்.

திருப்பினார். இஞ்சின் இன்னும் களைத்தது.

"முன்னுக்கு."

"முன்னுக்குத்தான் திருப்புறன்."

"இன்னும் முன்னுக்குங்க."

"இஞ்சேரும், இதுக்கு மேல முன்னுக்குப் போனா ரேடியேட்டருக்குள்ளதான் போகவேணும்."

மைனர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நான் இறங்கிப் போனேன். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தகரக் கிண்ணத்தை அவர் காரின் முன்பக்கத்தை நோக்கி, ரேடியேட்டர் பக்கமாக, தள்ளிக்கொண்டே போயிருந்தார். நான் நேரத்தில் முன்னுக்கு என்றேன், அவர் இடத்தில் முன்னுக்குப் போனார். இரண்டு பேரும் தமிழ்தான் பேசினோம்.

"முன்னுக்கெண்டு நீர்தானே சொன்னீர்" என்றார், குரல் உயர்ந்து.

"நான் சொன்னது முந்தி வரணும்னு."

"அதுக்கும் முன்னுக்கெண்டுதானே சொல்லுறது?"

மடக்கிவிட்டார் மனிதர். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ரோட்டர் இடமாகச் சுற்றுகிறது. இவர் தள்ளியதுபோல் பெட்டியையும் அதே பக்கம் திருப்பினால், வயர் ரோட்டருக்கு முன்னால் ஓடிப்போகிறது. கை அதைத் துரத்திப் பிடிக்க நேரமாகும். பொறி இன்னும் பிந்தும். அப்படியென்றால் முந்துவதற்கு எதிர்ப் பக்கம் போகவேண்டும்.

"இங்க பாருங்க. காலையில கண்டி பஸ் எந்தப் பக்கமிருந்து வரும்?"

"கடுகண்ணாவைப் பக்கமிருந்து."

"அத முந்திப் பிடிக்கணும்னா நீங்க கண்டிப் பக்கம் நடப்பீங்களா, கடுகண்ணாவைப் பக்கம் நடப்பீங்களா?"

தினமும் கச்சேரிக்கு அந்த பஸ்ஸில் போகிறவர். கண்ணை மூடித் திறந்தார். "கடுகண்ணாவைப் பக்கம். சீற் கிடைக்கிறதுக்கு நான் அப்பிடித்தான் செய்யிறனான்." பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார். "அப்ப இதை ரோட்டர் வாற பக்கத்துக்குத் தள்ளவேணும். முன்னுக்கெண்டா பின்னுக்கு."

"அதேதான்."

"இதை முதலே பஸ் எண்டு சொல்லியிருக்கலாமே நீர்."

இந்த முறை அவர் பின்னுக்குத் தள்ள, இஞ்சின் முன்னுக்கு வந்தது. சத்தம் மாறி, தொண்டை திறந்து, சீராக ஓடியது. இறுக்கிவிட்டு மறுபடி அந்த ஏற்றத்தில் ஏறினோம், ஒரு சொட்டுத் தண்ணீர் கொதிக்கவில்லை. திரும்பி வந்து புது மேட்டைப் போடத் தொடங்கினார். என் பக்கம் போட்டு முடித்ததும் மழை வந்துவிட்டது. அம்மாவின் பக்கத்து மேட்டை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். மழையிலேயே இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். முதல் இழுப்பிலேயே பற்றியது.

சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏறிச்சா?"

"ஏறிச்சுப்பா."

"ம்" என்றார். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேர்ட்டும் முகச்சவரமுமாக வெளியே வந்தார். பழக்க தோஷத்தில் நேரே டிரைவர் கதவுக்குப் போனார். அங்கே நான் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்தில் அவர் அந்த சீட்டில் இருந்ததேயில்லை. என் வீட்டுக்காரர் பூக்கூடையோடு பின்னால் ஏறினார்.

கடுகண்ணாவை வரை அப்பா வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். பாதைக்காகக் குடைந்த ஓட்டைப் பாறையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. கீழிருந்து பஸ்கள் வாய்க்கு வந்தபடி ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தன. இரண்டாவது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன், ஒத்துக்கொள்கிறேன். அப்பாவின் வலது கால் முன்னே பாய்ந்து தரையை மிதித்தது.

அடுத்த வளைவிலும் மிதித்தார். பிறகு குனிந்து காலடியைப் பார்த்தார். மங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை போல, கையை விட்டுத் தடவினார். பழைய மேட்டில், வலது கால் படுகிற இடத்தில், ரப்பர் தேய்ந்து, அடியிலிருந்த சாக்கும் தேய்ந்து, உள்ளங்கை அளவுக்குத் தகரம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"இங்க ஒரு பிரேக் இருந்திருக்கு" என்றார் அப்பா.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கண் கலங்கிவிட்டது, அடுத்த வளைவை எப்படித் திருப்பினேனோ தெரியாது.

"நாப்பது வருஷம் மிதிச்சிருக்காடி உங்கம்மா. வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லாம மிதிச்சிருக்கா." அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கீழே போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தேய்ந்த இடத்தில் சரியாகக் காலை வைத்து, அம்மாவைப்போலவே மிதித்துக்கொண்டு வந்தார்.

பூசை முடிந்தது. சவக்காலையில் பூ வைத்தார். கல்லுக்குக் கிட்டே குனிந்து ஏதோ மெதுவாகச் சொன்னார், என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பும்போது மைனர் கணவாயைப் பிடித்து ஏறியது. பாதி ஏற்றத்தில், டப்பாவுக்குள் கடலை குலுங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் இஞ்சினிலிருந்து வந்தது. நான் கவனிக்கவில்லை. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டைமிங் கொஞ்சம் முந்தி நிக்குது. ஒரு மயிரிழை பின்னுக்கு எடுக்கணும். வீட்டுக்குப் போனதும் நான் பாக்குறேன்."

நான் பாக்குறேன் என்றார். பின் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"மாமா, பின்னுக்கெண்டா எந்தப் பக்கம்?"

"ஏன் மாப்ள, பின்னுக்குன்னா பின்னுக்குத்தான்" என்றார் அப்பா. நானும் என் வீட்டுக்காரரும் சிரித்த சிரிப்பில் எதற்கு என்று தெரியாமல் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சேர்ட்டைக்கூட மாற்றாமல் பொனெட்டைத் திறக்கச் சொன்னார். நான் தேத்தண்ணீர் போட உள்ளே போனேன். கராஜில் ஸ்பானர் விழும் சத்தமும், பின்னுக்கு, பின்னுக்கு என்ற பேச்சும் கேட்டன. என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த புது மேட்டை எடுத்துக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்திருக்கவேண்டும். அப்பாவின் குரல் அடுப்படி வரைக்கும் வந்தது.

"மாப்ள, அந்தப் பக்கத்து மேட்ட மட்டும் மாத்திராதீங்க."